சீட்டில்லாமல் கொடுத்த மாத்திரை

சிஸ்டர்,

இன்று காலை மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து வண்டி வந்தது. மழைக்காலம் என்று இந்த முறை டாக்சிசைக்ளின் இரண்டு பெட்டி கூடுதலாக அனுப்பியிருக்கிறார்கள். வழியில் எங்கேயோ தார்ப்பாய் விலகி அட்டைப்பெட்டி நனைந்திருந்தது. ஒட்டியிருந்த டேப்பைக் கீறியதும் ஈர அட்டையும் மாத்திரைத் தகடும் சேர்ந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மருந்து ஜன்னலுக்கு வெளியே நாற்பது பேர் சீட்டோடு நிற்கிறார்கள். முன்னால் நின்ற பெரியவர், "இன்னா சார், தல கிறுகிறுன்னு வருதா? தண்ணி குடிங்க" என்றார். எனக்கு ஒன்றும் இல்லை, உங்கள் சீட்டை ஒழுங்காகப் பிடியுங்கள் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், நல்ல மனிதர்.

அலுத்துவிட்டது சிஸ்டர். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது ஓய்வுபெற. அதுவரை இந்த ஜன்னலில் தலையைக் குனிந்து சீட்டைப் படித்து, கவரில் மாத்திரையைப் போட்டு, காலை ஒன்று மாலை ஒன்று என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த மடலை எழுத வேண்டும் என்று அத்தனை நாளும் நினைத்தேன், அத்தனை நாளும் தள்ளிப்போட்டேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளிடம் நான் ஒரு பொய் சொன்னேன். உங்களைப் பற்றிய பொய். ஒரு முறை இல்லை, இரண்டு முறை.

நாம் பேசிப் பழகியதில் பாதி கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில்தான். நான் விழுப்புரத்திலிருந்து ஒரு பஸ்ஸில் வருவேன், நீங்கள் திண்டிவனத்திலிருந்து இன்னொன்றில் வருவீர்கள். இரண்டு பேரும் இறங்கி, நம் சுகாதார நிலையத்துக்கு ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம். பதினாலு வருஷம். நீங்கள் எனக்கு சிஸ்டர், நான் உங்களுக்கு சார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவே இல்லை. செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவீர்கள் என்பதும், கணவர் போன பிறகு ஒற்றை மகளைத் தனியாளாக வளர்த்தீர்கள் என்பதும் ஆட்டோவில் வைத்துத் தெரிந்துகொண்டவைதான்.

ஐந்து நாள் காய்ச்சலோடு ஒரு பெண் வந்தாளே, அந்த ஐப்பசி மாதம். கடலைக்கொல்லையில் மல்லாட்டை பறிக்கப் போகிறவள். "ரெண்டு ஊசி போட்டுக்கினேன்கா, எறங்கவே மாட்டேன்து" என்று பெஞ்சில் சுருண்டுகிடந்தாள். உடம்பில் எங்கேயாவது கொப்புளம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை என்றாள். "நீ சொன்னா ஆச்சா? எழுந்து உள்ள வா" என்று திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனீர்கள். உள்ளே ஒரே வாக்குவாதம். "அங்கெல்லாம் எதுக்குக்கா?" "உன் அழக பாக்கறதுக்கு இல்லடி, தூக்கு." இடது மார்புக்குக் கீழே இருந்தது. பீடி நெருப்பு பட்டு ஆறினதுபோல, சுற்றிலும் சிவந்து நடுவில் கறுத்த ஒரு பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அவளுக்கே தெரியவில்லை. செடி மறைவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்த இடம். உண்ணிக் காய்ச்சல்.

டாக்டரம்மாவிடம் காட்டி எழுதி வாங்கிக்கொண்டு நேரே என் ஜன்னலுக்கு வந்தீர்கள். "சார், டாக்சிசைக்ளின். ஜல்தி. முத வேளைய என் கண்ணு முன்னாலயே முழுங்கட்டும்." மூன்றாவது நாள் அந்தப் பெண் தானே நடந்து வந்தாள், ஒரு பை நிறைய பச்சை மல்லாட்டையோடு. நீங்கள் மல்லாட்டையை வாங்கிக்கொண்டு, மிச்ச மாத்திரை எங்கே என்று கேட்டீர்கள். காய்ச்சல் விட்டுவிட்டதால் அதைப் புருஷனுக்கு வரப்போகும் காய்ச்சலுக்காக எடுத்து வைத்திருக்கிறாளாம்! எல்லாரும் பார்க்க ஒரு திட்டு திட்டினீர்களே, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த ஒரு மாத்திரையை எத்தனை பேருக்கு எத்தனை விதத்துக்குக் கொடுத்திருப்போம்! சேற்றில் நின்று நாற்று நட்டுக் கண் மஞ்சளாகி வந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் என்று கொடுத்தோம். மாரில் சளி கட்டியவர்களுக்குக் கொடுத்தோம். ஒரு கோடையில் வாந்தியும் பேதியுமாக ஒரு தெருவே வந்தபோது கொடுத்தோம். யானைக்கால்காரர்களுக்கு வாரக்கணக்கில் கொடுத்தோம். காலேஜ் போகும் பெண்களுக்கு முகப்பரு. என் மகளுக்கே டாக்டரம்மா ஆறு வாரம் எழுதினார். "வெயில்ல சுத்தாதன்னு சொல்லுங்க சார், மொகம் கறுத்துப்போய் பரு எவ்வளவோ தேவலன்னு ஆயிடும்" என்று நீங்கள் சொல்லி அனுப்பியதை அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டு வரும் பெண்களுக்கும் அதேதான் சில சமயம். அவர்களிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "முழுகாம கிழுகாம இருக்கறியா?" இருந்தால் இந்த மாத்திரை கூடாது, டாக்டரம்மா வேறு எழுதுவார். இல்லை என்றால் அடுத்தது, "புருஷன கூப்ட்டுக்கினு வா, அவனும் முழுங்கணும்." ஒருவன் வாசல் வேப்பமரத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று நின்றான். நீங்களே போய், "நோவு ரெண்டு பேருக்கும், மாத்திர மட்டும் அவளுக்கா? நல்லா இருக்குதே நாயம்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்தீர்கள். அவன் என்னைப் பார்க்காமல் கவரை வாங்கிக்கொண்டு போனான். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. உங்களுக்கு உடம்பு என்றால் உடம்புதான். அதில் மேல் இடம், கீழ் இடம், சொல்லக்கூடாத இடம் என்பதெல்லாம் கிடையாது.

என்னையும் விட்டதில்லை. ஒரு தடவை ஒரே கவரில் டாக்சிசைக்ளினும் இரும்புச்சத்து மாத்திரையும் போட்டு, இரண்டையும் காலையில் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஜன்னலில் தட்டினீர்கள். "என்னா சார் இது? இதும் அதும் வயித்துல ஒண்ணா சேந்தா இது ஒடம்புல ஏறவே ஏறாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான படிச்சவரு." தெரியும். கூட்டத்தில் கை தானாக ஓடிவிட்டது. அன்றிலிருந்து நீங்களே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்தீர்கள்: பாலோடு வேண்டாம், கேப்பைக் கூழில் மோர் ஊற்றிக் குடித்த கையோடு வேண்டாம், ஒரு சொம்பு தண்ணீர் குடி, முழுங்கியதும் படுக்காதே, தொண்டையில் ஒட்டிப் புண்ணாகிவிடும். இரண்டாவது வேளையைப் "பொழுதோட சாப்ட்டு முழுங்கு" என்பீர்கள். உங்கள் வீட்டுப் பழக்கத்தை ஊருக்கே வைத்தியமாக்கிவிட்டீர்கள் என்று கிண்டல் செய்வேன்.

நீங்கள் போன அந்தக் கார்த்திகை மாதத்துக்கு வருகிறேன். வராமல் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

விடாத மழை. ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர். தினம் ஒரு ஊரில் காய்ச்சல் முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு, முழங்கால் புல்லில் நடந்துபோய், படுத்துக்கிடந்தவர்களை எல்லாம் பார்த்துவிட்டு வருவீர்கள். நம் ஆட்கள் ஒவ்வொருவராகச் சளியும் இருமலுமாக விழுந்தார்கள். உங்களுக்கும் உடம்பு சுட்டது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வந்து கையை நீட்டினீர்கள். "ரெண்டு பாராசிட்டமால் குடுங்க சார்." கொடுத்தேன்.

இதுதான் நம்முடைய வழக்கம். ஊரார் எல்லாருக்கும் ஓ.பி. சீட்டு வேண்டும், பெயர் வேண்டும், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்க வேண்டும். வேலை செய்கிற நமக்கு மட்டும் எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் வந்து கையை நீட்டினால் போதும். அதை ஒரு உரிமை மாதிரி வைத்திருந்தோம். டாக்டரம்மா ஒரு நாள் நின்று, "உங்கள ஒரு தடவ பாக்கட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டார். "எனக்கென்னா மேடம், சளிதான். வெளிய நூறு பேரு நிக்கறாங்க, அவங்கள பாருங்க" என்றீர்கள். அவரும் போய்விட்டார்.

நான்காவது நாள். மதியம் இரண்டரை மணி இருக்கும், கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. நீங்கள் மருந்தறைக்குள்ளேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். முகம் வீங்கியதுபோல் இருந்தது. "ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்டாப்பல இருக்குது சார்" என்றீர்கள். பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல, "அந்த நாடாப் புண்ணு வேற மறுபடியும் வந்துடுச்சி போல. பின்னால, இடுப்புல. கை வெச்சா நெருடுது. எனக்கு எட்டிப் பாக்கத் தெரியல. வூட்ல பாக்கறதுக்கும் ஆளு இல்ல" என்றீர்கள்.

அது எனக்கு உறைத்தது, சிஸ்டர். உறைக்கவில்லை என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், உங்களிடம் சொல்ல முடியாது. பாவாடை நாடா இறுக்குகிற இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று நீங்கள்தானே மற்ற நர்ஸுகளுக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தீர்கள். நான்கு நாள் காய்ச்சல், புல்லில் நடந்த கால், நெருடுகிற ஒரு இடம். மூன்றையும் சேர்த்துப் பார்க்க நான் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. மேடத்திடம் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல வேண்டுமானால் உங்கள் இடுப்பைப் பற்றி நான் பேச வேண்டும். பதினாலு வருஷம் சிஸ்டர் என்று கூப்பிட்ட வாய்க்கு அது வரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஆயின்மென்ட் டியூபை எடுத்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன். "இத போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்துகொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து போய்விட்டீர்கள். டாக்சிசைக்ளின் பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆறாவது நாள் காலையில் ஆட்டோவில் ஏறவே உங்களால் முடியவில்லை. மூச்சு வாங்கியது. டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் ஆம்புலன்ஸ் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே துணி மாற்றிவிட்ட ஒரு நர்ஸ்தான் பார்த்தாளாம். நாடா பதிந்த தழும்பின்மேலேயே, கறுத்த பொருக்கு. அடுத்த அரை மணி நேரத்தில் அதே மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஆனால் நுரையீரல் இரண்டிலும் நீர் கோத்துவிட்டிருந்தது. இரண்டு நாள் இருந்தீர்கள்.

திண்டிவனம் வீட்டுக்கு நானும் டாக்டரம்மாவும் போனோம். பெங்களூரிலிருந்து வந்திருந்த உங்கள் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அம்மா இடுப்புல இருந்திச்சாம் அங்கிள், பின்னால. அம்மா உங்ககிட்ட எதனா சொல்லிச்சா?" நான், "இல்லம்மா, ஒண்ணும் சொல்லல" என்றேன். யோசிக்கவே இல்லை, அவ்வளவு சுலபமாக வந்தது. போன வருஷம் இதே மாதத்தில் போன் செய்து நலம் விசாரித்துவிட்டு, வைக்கும்போது மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இல்லை என்றேன். இரண்டாவது தடவை இன்னும் சுலபமாக இருந்தது, அதுதான் கொடுமை.

இப்போது நான் ஜன்னலில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை கிடையாது. காய்ச்சல் என்றால் திரைக்குப் பின்னால் போய் உடம்பைக் காட்டிவிட்டு வந்த பிறகுதான். "பேஜாரு புடிச்ச மனுஷன், கெழவனானதும் ரூல்ஸ் பேசறாரு" என்று துப்புரவு வேலை செய்யும் பெண் என் காதுபடவே சொல்கிறாள். சொல்லட்டும். போன வாரம் அவளும் முனகிக்கொண்டே உள்ளே போய்விட்டு, "ஒண்ணுமில்லியாம், போதுமா?" என்று சீட்டை வீசினாள். போதும். எனக்கு அதைக் கேட்டால் போதும். ஆனால் இதையெல்லாம் உங்களுக்குச் செய்யாமல் ஊருக்குச் செய்து என்ன பிரயோசனம் என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தோன்றிவிடுகிறது. களைப்பு வேலையால் வருவது என்று என் மனைவி நினைக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் வந்திருந்தாள், வீட்டை வாடகைக்கு விட. பீரோவை நகர்த்த வேண்டும், கொஞ்சம் வர முடியுமா அங்கிள் என்று கேட்டாள். போனேன். பீரோவை நகர்த்தினோம். உங்கள் யூனிபார்ம் புடவைகளை மூட்டை கட்டினாள். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். இந்த முறையும் கேட்பாள், இல்லை என்று சொல்லிவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. ஊர்க் கதையெல்லாம் பேசினாள், அதை மட்டும் கேட்கவில்லை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

"உங்கம்மா என்கிட்ட சொன்னாங்கம்மா" என்றேன். "நாலாவது நாளே சொன்னாங்க. எனக்கு சந்தேகமும் வந்திச்சி. வாயத் தொறக்கல. ஆயின்மென்ட் குடுத்து அனுப்பிட்டேன். உன்கிட்ட ரெண்டு தடவ பொய் சொல்லிட்டேன்."

அவள் கோபப்படுவாள், அழுவாள், எழுந்து போ என்பாள் என்று எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் கையிலிருந்த புடவையை மடித்தபடியே இருந்தாள்.

"தெரியும் அங்கிள்" என்றாள். "அன்னிக்கு சாயங்காலமே அம்மா எனக்கு போன் பண்ணிச்சி. 'சார்கிட்ட நாடாப் புண்ணுன்னு வாய்தவறி சொல்லிட்டேன், மனுஷன் நிமுந்தே பாக்கல, டியூப நீட்டிட்டு ரிஜிஸ்டர்ல பூந்துக்கினாரு'ன்னு சொல்லிச் சொல்லி சிரிச்சிக்கினு இருந்திச்சி. நான் ஆபீஸ்ல இருந்தேன். 'அதான் ஆயின்மென்ட் குடுத்துட்டாருல்ல, போட்டுக்கோம்மா, அப்பறம் பேசறேன்'னு வெச்சிட்டேன். செல்போன இடுப்புப் பக்கம் திருப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்புன்னு சொல்லியிருந்தா ஆயிருக்கும். எனக்குத் தோணல. அப்பறம் பேசவும் இல்ல."

"தெரிஞ்சிக்கினே ஏம்மா என்னைக் கேட்டே?" என்றேன்.

"நீங்க ஆமான்னு சொன்னா, நானும் என்னோடத சொல்லிடலாம்னுதான் அங்கிள். வேற யார்கிட்ட சொல்றது? நீங்க இல்லன்னுட்டீங்க. ரெண்டாவது தடவயும் இல்லன்னுட்டீங்க. சரி, அவருக்குக் கஷ்டமா இருக்குதுன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் அழுதாள். மடித்த புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை பஸ் போயிற்று, அதற்கு அடுத்ததும் போயிற்று.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இரண்டு வருஷமாக இந்த மடலை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன் சிஸ்டர். நீங்கள் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள், அதனால் நீங்கள் எப்போதோ மன்னித்திருப்பீர்கள். அன்றைக்கு மேடத்திடம் காட்டுங்கள் என்று உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒரு நிமிஷத்து வெட்கம். அதை மறைக்க நான் சொன்ன ஒரு வார்த்தையால், உங்கள் மகள் என்னிடம் இரண்டு முறை வந்து, தன் பாரத்தை இறக்கி வைக்க இடமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறாள். இனி நான் சுமக்கப்போவது அதைத்தான்.